பூசத்திலிருந்து சுவாதி வரை

கண்டி தலதா வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் சுபாஜினியிடம் இரண்டு எண்களைச் சொல்லிப் பெருக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி வாயை மூடுவதற்குள் விடை வந்துவிடும். அதுவும் சும்மா வராது. கண்ணை அகல விரித்து, இரண்டு கையையும் தட்டி, பக்கத்தில் நிற்பவர் தோளில் ஒரு அடியும் போட்டுத்தான் சொல்வாள். முப்பத்திமூன்று வயதுப் பெண் நடுக்கடையில் இப்படிக் குதிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவளும் குதித்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

அவள் செய்வது மந்திரம் ஒன்றும் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பாள். அறுபத்துமூன்றைப் பதினொன்றால் பெருக்க வேண்டுமா? ஆறையும் மூன்றையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இரண்டையும் கூட்டி வரும் ஒன்பதை நடுவில் உட்கார வையுங்கள். அறுநூற்றுத் தொண்ணூற்றுமூன்று, முடிந்தது. எழுபத்தைந்தை எழுபத்தைந்தால் பெருக்க வேண்டுமா? ஏழுக்கு அடுத்தது எட்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு, பின்னால் ஒரு இருபத்தைந்தை ஒட்டிவிடுங்கள், ஐயாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. தொண்ணூற்றெட்டும் தொண்ணூற்றேழும் என்றால் அவளுக்கு இன்னும் கொண்டாட்டம். ஒன்று நூறுக்கு இரண்டு குறைவு, மற்றது மூன்று குறைவு. தொண்ணூற்றெட்டில் அந்த மூன்றைக் கழித்தால் தொண்ணூற்றைந்து. குறைந்த இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு. ஒன்பதாயிரத்து ஐந்நூற்று ஆறு! "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அவள் கத்தும்போது, கண் காட்ட வந்தவர் தன் கண்ணையே மறந்துவிடுவார்.

இவ்வளவு இருந்தும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் அவள் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. காரணம், செய்கை எழுத மாட்டாள். கேள்விக்குக் கீழே விடையை மட்டும் எழுதிவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள். "எப்படி வந்துச்சுன்னு காட்டு" என்று டீச்சர் கேட்டால், "வந்துருச்சு டீச்சர்" என்பாள். புள்ளிகள் வெட்டுப்பட்டன. அவள் கவலைப்படவில்லை. விடை சரியாக இருக்கும்போது திரும்பிப் பார்ப்பது எதற்கு என்பது அவள் கட்சி. அந்தத் திரும்பிப் பார்க்காத பழக்கம்தான் போன வருசம் அவளைக் குப்புறத் தள்ளியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜரத்தினம், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், வீடு அம்பிட்டியவில். கடைச் சுவரில் ஆணி அடித்து ஒரு பஞ்சாங்கம் எப்போதும் தொங்கும். சின்ன வயதில் கவிழ்த்துவைத்த அண்டா மேல் உட்கார்ந்து சுபாஜினி அதிலிருந்த இருபத்தேழு நட்சத்திரங்களையும் நம்பரோடு மனப்பாடம் செய்துவிட்டாள். "பன்னெண்டு?" என்று யாராவது கேட்டால் "உத்தரம்!" "இருபத்துநாலு?" "சதயம்!" பானை வாங்க வந்தவர்களுக்கு அது ஒரு இலவச வேடிக்கை.

ராஜரத்தினத்துக்கு நட்சத்திரம் என்பது வேடிக்கை இல்லை. மூத்த மகள் சஞ்சீவனியின் கல்யாணம் இரண்டு வருசத்திலேயே முறிந்து, அவள் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். பிறகு ஐயர் ஜாதகங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, தினப் பொருத்தம் இல்லாமல் செய்துவிட்டீர்களே என்றார். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரம் வரை எண்ண வேண்டும். ஒன்பதுக்கு மேல் போனால் ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று வந்தாலோ மிச்சமே இல்லாமல் போனாலோ நல்லது. மற்றது ஆகாது. அதிலும் ஏழு மகா மோசம், அதற்குப் பெயரே வதம். சஞ்சீவனிக்கு விழுந்தது ஏழு. ராஜரத்தினம் உடைந்துபோனார். இனி இந்த வீட்டில் தினப் பொருத்தம் பார்க்காமல் ஒரு காரியமும் நடக்காது என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். அக்கா ராத்திரியெல்லாம் அழுததைப் பக்கத்துப் பாயில் படுத்துக் கேட்டவள் சுபாஜினி. அதனால் அப்பாவின் பேச்சை அவளும் மீற நினைக்கவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஷிஹாப் என்பவருக்கு ஒரு புத்தகக் கடை. சனிக்கிழமை பின்னேரங்களில் கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். வேலை வெட்டி உள்ளவர்கள்தான், ஆனாலும் அந்த நேரத்துக்கு மட்டும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு புதிர் கொண்டுவர வேண்டும். இஞ்சித் தேத்தண்ணி ஷிஹாப் செலவு. சட்டம் ஒன்றே ஒன்று: விடையை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. திணறுகிறவர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை திணற வேண்டும். சுபாஜினிதான் அந்த மாடியின் ராணி. அவள் சொன்ன விடை பிழையானதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அங்கேதான் யுகேஷ் வந்து சேர்ந்தான். சொந்த இடம் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கண்டியில் பெயர்ப்பலகை அச்சடிக்கும் ஒரு இடத்தில் வேலை, வாரநாட்களில் போர்டிங், சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி அம்மாவிடம் போவான். அமைதியான ஆள். ஆனால் புதிர் என்று வந்துவிட்டால் அந்த அமைதி எங்கே போகுமோ தெரியாது. முதல் நாளே மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடி வந்து, "இப்ப கீழ ஒரு வேன் போச்சுங்க, நம்பர் மூணு நாலு ஏழு எட்டு! பத்து வருமா?" என்று கேட்டான்.

இது அவர்கள் எல்லோரும் விளையாடும் விளையாட்டு. வண்டி நம்பரில் உள்ள நான்கு இலக்கங்களையும் ஒவ்வொரு முறை பயன்படுத்தி, கூட்டியோ கழித்தோ பெருக்கியோ பிரித்தோ பத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்டி வாகன நெரிசலில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. பெரும்பாலான நம்பர்கள் சுபாஜினிக்கு வண்டி ஒரு அடி நகர்வதற்குள் விழுந்துவிடும். இது விழவில்லை. தேத்தண்ணி ஆறியது. கூட்டம் கலைந்தது. யுகேஷுக்கு விடை தெரியும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சட்டம் இருக்கிறதே, அவன் வாயைத் திறக்கவில்லை. அம்பிட்டியவுக்கும் ஹேவாஹெட்டவுக்கும் ஒரே பஸ். அவள் முன் சீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள், அவன் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். அம்பிட்டியவில் இறங்கப் போகும்போது பொறி தட்டியது. ஏழை நாலால் பிரித்து, அதை மூன்றிலிருந்து கழித்தால் ஒன்றேகால். ஒன்றேகாலை எட்டால் பெருக்கினால் பத்து! மிதிபலகையில் நின்றபடியே, "ஒண்ணேகால்! ஒண்ணேகால்!" என்று கத்தினாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பாவம், மிச்சக்காசு கேட்கிறாள் என்று நினைத்துப் பையைத் துழாவினார்.

அப்புறம் என்ன, எல்லாச் சனிக்கிழமையும் அந்தப் பஸ்தான். ஒருவரை ஒருவர் திணறடிப்பதில் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோசம். சுபாஜினிக்கு வந்த வரன்கள் எல்லாம் அவள் கணக்குப் போடுவதைக் கேட்டுவிட்டு, "வீட்டு வேலையும் வருமா?" என்றே கேட்டிருந்தார்கள். யுகேஷ் ஒருவன்தான், அவள் விடை கண்டு கத்தும்போது அவளைவிடப் பலமாகச் சிரித்தான். சனிக்கிழமை காலையில் அவள் இரண்டு முறை சேலை மாற்ற ஆரம்பித்தாள். சஞ்சீவனி அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அம்பிட்டிய நெருங்கும்போது யுகேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு கேக்கலாமா? உங்க நட்சத்திரம் என்னாங்க?" என்றான்.

நம் ஆட்களில் ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் நட்சத்திரம் கேட்டால் அது வெறும் கேள்வி இல்லை. சுபாஜினிக்குக் காது சுட்டது. "பூசம்," என்றாள். "உங்களுக்கு?"

"சுவாதி."

அவன் அந்தச் சொல்லை முடிக்கவில்லை, அவள் தலைக்குள் வேலை முடிந்துவிட்டது. பூசம் எட்டாவது, சுவாதி பதினைந்தாவது. பதினைந்தில் எட்டுப் போனால் ஏழு. வதம். அக்காவுக்கு விழுந்த அதே ஏழு. அவள் முகம் அப்படியே வெளிறிப்போனது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"ஏழு வருது," என்றாள்.

பஸ் நின்றது. அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் இறங்கினாள். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்டால் அவரும் இதைத்தானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள். திரும்ப ஒருமுறை பார்ப்போமே என்று அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை யுகேஷ் மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் போன் போட்டாலும் அவன் எடுப்பதில்லை. அவன் வராததற்கும் அந்த ஏழுதான் காரணம் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அவளுக்குப் புதிர்களில் ருசி போய்விட்டது. கடைக்கு வந்தவர்கள் எண்களைச் சொன்னால் விடையைச் சொன்னாள், கை தட்டவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் தோள் பிழைத்தது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்தது.

மாடிக்குப் போகாமல் இருந்தால் ஷிஹாப் கேள்வி கேட்பாரே என்று மூன்றாவது சனிக்கிழமையும் போனாள். அன்றைக்கு ஹலீம் என்று ஒரு புது ஆள் வந்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கால் மேல் கால் போட்டுக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஷிஹாப் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "சுபா தங்கச்சி, புது ஆளுக்கு ஒண்ணு போடுங்களே. எத்தன நாளா இப்பிடி மொகத்த தூக்கி வச்சிட்டு இருக்கப் போறீங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யுகேஷும் நேத்து கடைக்கு வந்து இப்பிடித்தான் நின்டாரு. நாளைக்கு மடுல்கெல்லயில பொண்ணு பாக்கப் போறாராம். ஒம்பது மணிக்குக் கெளம்ப நல்ல நேரமாம். கல்யாணம் பேசப் போற ஆள் மாதிரியே இல்ல," என்றார்.

சுபாஜினி தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்க வாய்க்கு வந்த ஒரு சின்னப் புதிரை எடுத்து ஹலீமிடம் விட்டாள்.

"ஹலீம் சேர், பெரஹர ஊர்வலம் போகுது. நீங்க ஓரத்துல நின்னு பாக்குறீங்க. அஞ்சாவது யானை வரும்போது பாக்க ஆரம்பிக்கிறீங்க, பன்னெண்டாவது யானை போனதும் வீட்டுக்குப் போறீங்க. எத்தன யானை பாத்தீங்க?"

"இது ஒரு கேள்வியா?" என்றார் ஹலீம். "பன்னெண்டுல அஞ்சு போனா ஏழு."

மாடி முழுக்கச் சிரித்தது. சுபாஜினிக்கும் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "ஏழு வராது சேர்! எல்லாரும் இப்பிடித்தான் கழிச்சிட்டு மாட்டிக்கிறாங்க. அஞ்சாவது யானையையும் பாத்தீங்க தானே? அதையும் சேத்து எண்ணணும். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு..."

எட்டு என்று சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

பூசத்திலிருந்து சுவாதி வரை. பூசத்தையும் சேர்த்து அல்லவா எண்ண வேண்டும்! வாழ்நாளெல்லாம் ஐயர்மாரும் அப்பாவும் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தவள், அவர்கள் மெதுவாக எண்ணுவதைக் கேலி செய்தவள், தன் முறை வந்தபோது கழித்துவிட்டாள். ஊரையெல்லாம் விழுத்தும் குழியில் தானே தலைகீழாக விழுந்திருக்கிறாள். இரண்டு கையையும் நீட்டி, விரல் மடக்கினாள். பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்தரம், அத்தம், சித்திரை, சுவாதி. எட்டு. எட்டுக்குப் பெயர் மைத்திரம். சிநேகம். நல்ல பொருத்தம்.

"நான் பிழை விட்டுட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹலீம் தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டார். "ஷிஹாப் நானா, நான் பிழை விட்டுட்டேன்! என் கணக்கு பிழை!" இப்படிப் பிழையைச் சொல்லிக் குதித்தவளை அந்த மாடி அதற்கு முன் பார்த்ததில்லை. படிகளில் இறங்கும்போதே யுகேஷுக்குப் போன் எடுத்தாள். அடிக்கவே இல்லை. அவன் தோட்டத்துக்குப் போய்விட்டான், அங்கே சிக்னல் கிடையாது. "அவசரமா பேசணும்" என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டாள். ஒற்றைக் கோடு விழுந்து, போய்ச் சேராமல் அப்படியே நின்றது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ராஜரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்தார். "தோட்டத்துப் பையனா?" என்று ஒரு கேள்வி போட்டார்.

"தாத்தா எந்தத் தோட்டத்துலருந்துப்பா டவுனுக்கு வந்தாரு?" என்றாள் சுபாஜினி.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார், ஒருமுறை, இன்னொருமுறை. ஐயருக்குப் போன் போட்டு மற்றப் பொருத்தங்களையும் கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்றார் ஐயர். போனை வைத்துவிட்டு மகளையே பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"நீயா புள்ள பிழை விட்ட?"

"ஆமாப்பா."

"நீயா?" என்று மறுபடியும் கேட்டார். மனிதருக்கு அதில் அப்படி ஒரு ஆனந்தம். இருபத்தைந்து வருசமாக மகளிடம் கணக்கில் தோற்றவர் அல்லவா. "சரி, விடியட்டும். லொறியில போவோம்."

சஞ்சீவனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பவே போங்களேன்," என்றாள். ஆனால் ராத்திரி நேரத்தில் போய்ச் சம்பந்தம் பேசும் வழக்கம் இல்லை. விடியும்வரை சுபாஜினி அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் கடையின் சின்ன லொறி அம்பிட்டியவை விட்டு ஏறியது. பின்னால் இறக்காமல் விட்ட அண்டாக்களும் குடங்களும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கச்சேரி வைத்தன. ராஜரத்தினம் சாதாரணமாகவே மெதுவாக ஓட்டுகிறவர், மேடு என்றால் கேட்கவே வேண்டாம்.

"எதுக்குப் புள்ள இவ்வளவு தூரம்? அவங்க எப்பிடியும் இந்தப் பக்கமாத்தானே எறங்கணும். ரோட்டுல நின்னு கையைக் காட்டுவோமே," என்றார்.

"இல்லப்பா! தலாத்துஓயாவுல ரோடு பிரியுது தானே. மடுல்கெல்லைக்குப் போறவங்க ஏன் அம்பிட்டியவுக்கு வாறாங்க? தென்னக்கும்புர பக்கம் எறங்கிருவாங்க. அவங்க தலாத்துஓயாவுக்கு வாறதுக்கு முன்ன நாம அதத் தாண்டிறணும். அதுக்கு மேல ஒரே ரோடு. தப்ப முடியாது!"

இரண்டு ஊரிலிருந்து இரண்டு வண்டிகள் எதிரெதிரே புறப்பட்டால் எங்கே சந்திக்கும் என்ற கணக்கை எத்தனை பேரிடம் போட்டுத் திணறடித்திருப்பாள்! இன்றைக்கு அவளே ஒரு வண்டிக்குள். ஒன்பதுக்குப் புறப்படும் வேன் இறக்கத்தில் என்ன வேகத்தில் வரும், இந்தக் கிழட்டு லொறி ஏற்றத்தில் என்ன வேகத்தில் போகும் என்று தலை தானாகக் கணக்குப் போடப் பார்த்தது. வேண்டாம் என்று அடக்கினாள். அந்தத் தலையை நம்பிப் பட்டது போதும். கண்ணை ரோட்டில் வைத்தாள். எதிரே வந்த ஒவ்வொரு வேனுக்குள்ளும் எட்டி எட்டிப் பார்த்தாள். ஒன்றில் பிக்குமார் இருந்தார்கள், ஒன்றில் கோழிக்கூடுகள்.

தலாத்துஓயாச் சந்தி வந்தது. அவர்கள் கடந்து போய்விட்டார்களா, இனித்தான் வர வேண்டுமா, யாருக்குத் தெரியும்? அவள் போனைப் பார்த்தாள். ஒற்றைக் கோடு இன்னும் ஒற்றைக் கோடுதான்.

"நிறுத்தாதீங்கப்பா, போங்க! இன்னும் செய்தி போய்ச் சேரல. சந்தியில சிக்னல் நல்லா இருக்கு. அவரு இதத் தாண்டிப் போயிருந்தா செய்தி சேந்திருக்கும். இன்னும் மேலதான் இருக்காரு!"

சொன்ன பிறகு, "நான் நெனக்கிறது சரியாப்பா?" என்று கேட்டாள். மகள் இப்படிக் கேட்டு ராஜரத்தினம் கேட்டதில்லை. "சரிதான் புள்ள," என்று சொல்லிவிட்டு, தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மேட்டில் கியரை மாற்றி மிதித்தார். அண்டாக்கள் அலறின.

மாரஸ்ஸன தாண்டி, ஒரு பக்கம் தேயிலையும் மறு பக்கம் பள்ளமுமாக ரோடு ஒடுங்கியது. சுபாஜினியின் கையில் போன் ஒரு சின்ன அதிர்வு அதிர்ந்தது. ஒற்றைக் கோடு இரட்டைக் கோடாகிவிட்டது.

"வந்துட்டாங்க! சிக்னலுக்கு வந்துட்டாங்க! கிட்டத்துலதான்ப்பா!"

அடுத்த வளைவில் ஒரு வெள்ளை வேன் முன்னால் வந்து பிரேக் அடித்தது. ராஜரத்தினமும் அடித்தார். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, லொறியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினான். வேனின் முன் சீட்டில், சந்தன நிறச் சட்டையில், எதையோ பறிகொடுத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான் யுகேஷ்.

சுபாஜினி கதவைத் திறந்து குதித்தாள். செருப்பு ஒன்று லொறியிலேயே தங்கிவிட்டது. "யுகேஷ், எறங்குங்க! என் கணக்கு பிழை!"

அவன் இறங்கினான். பின்னால் பட்டுச்சேலையோடு அவன் அம்மா வீரம்மாவும், அதற்குப் பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களும் இறங்கினார்கள். வேனுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கியது.

"என்ன கணக்குங்க?" என்றான்.

"ஏழு இல்ல, எட்டு! நான் எண்ணல, கழிச்சேன். பூசத்தையும் சேத்து எண்ணணும். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் பிழை விட்டுட்டேன்."

"எட்டுன்னு எங்கம்மா அன்னைக்கே எண்ணிச் சொல்லிட்டாங்க," என்றான் யுகேஷ்.

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல? போன் எடுத்தாக்கூட எடுக்கல!"

"நீங்க கணக்குல பிழை விட்டு நான் பாத்ததே இல்லியேங்க," என்றான் அவன். "எட்டு வாறது உங்களுக்குத் தெரியாம இருக்குமா? என்னயப் புடிக்கல, அத மொகத்துக்கு நேரா சொல்ல மனசில்லாம ஏழுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதுக்கு மேல தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு ஒதுங்கிட்டேன்."

சுபாஜினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது முன்பே பிழை விட்டிருந்தால் இவன் சந்தேகப்பட்டிருப்பானே! "புடிக்காமலா நான் இந்த ரோட்டுல ஒத்தச் செருப்போட நிக்கிறேன்?" என்றாள். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. இதுல பிழை இல்ல."

வீரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் கணக்குல பெரிய புலிங்க! ஒருத்தர ஒருத்தர் வாயத் தொறந்து கேக்கத் தெரியல. மூணு வாரமா என் மகன் சோறு திங்காம கெடந்தான்," என்று வெடித்தார். பிறகு சுபாஜினியின் பக்கத்தில் வந்து, "எங்க, என் முன்னால எண்ணும்மா. மனசுக்குள்ள இல்ல, வெரலு விட்டு, சத்தமா," என்றார்.

பஸ் ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. நேற்று வரை எண்ணுவதற்கு விரலைத் தூக்காதவள், நடுரோட்டில் இரண்டு கையையும் நீட்டி, ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல் மடக்கினாள்.

"பூசம். ஆயில்யம். மகம். பூரம். உத்தரம். அத்தம். சித்திரை." கடைசி விரலையும் மடக்கினாள். "சுவாதி. எட்டு."

"விடை சரி," என்றான் யுகேஷ். அவன் கண் கலங்கியிருந்தது.

ராஜரத்தினம் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "தப்பு எங்க பக்கம்தாங்க. மடுல்கெல்லக்காரங்க காத்திருப்பாங்களே..."

"அவங்க சும்மா வந்து பாத்துட்டுப் போங்கன்னு தான் சொன்னாங்க. இன்னும் வார்த்த குடுக்கல. நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்," என்றார் வீரம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "என்ன எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க? பொண்ணு பாக்கத்தானே கெளம்பினோம்? பொண்ணு ரோட்டுக்கே வந்து நிக்கிது. லொறிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க, பொண்ணு வீட்டுக்குப் போவோம்."

ராஜரத்தினம் லொறியில் ஏறி, அகலமான இடம் பார்த்துப் பின்னால் எடுத்தார். வழி காட்ட யுகேஷ் கூடவே நடந்தான். சுபாஜினியும் லொறியில் ஏறவில்லை, மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நடந்தாள்.